ரூல் போட்டாச்சு, வேலை நடக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

மதுரையில் கடைகளுக்கும் சிறு கம்பெனிகளுக்கும் பில்லிங், ஸ்டாக், வசூல் எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில் ஓடும்படி அமைத்துக் கொடுப்பது என் வேலை. பில் போட்டதும் வாடிக்கையாளருக்கு மெசேஜ் போக வேண்டும், கெடு தாண்டினால் பாக்கியை நினைவூட்ட வேண்டும், சரக்கு குறைந்தால் ஆர்டர் தயாராக வேண்டும் என்று கேட்பார்கள். இப்படித் தானாக நடக்கும் ஒர்க்ஃப்ளோக்களை அமைக்க அரை நாள் போதும். அவற்றில் ஒன்று சத்தமில்லாமல் நின்றுபோனால் காரணம் கண்டுபிடிக்கத்தான் இரண்டு நாள் ஆகிறது. கடைக்காரர்கள் என்னிடம் வந்து சொல்லும் அறிகுறிகளை அவர்கள் சொல்லும் விதத்திலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எங்கே பார்க்க வேண்டும் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "இது நடந்தால் அதைச் செய்" என்று எழுதி வைத்த கட்டளைதான் ரூல். அதில் உடனே கை வைக்காதீர்கள். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நம் ஊர் விவசாயி வயலைத் தோண்ட மாட்டார். வரப்பில் ஏறி வாய்க்கால் வழியே கண்மாய் மடை வரை நடந்து, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்பார். இங்கேயும் அப்படித்தான். நடக்காமல் போன ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பில் ரூலைத் தூண்டியதா, நிபந்தனையைத் தாண்டியதா, செயல் நடந்ததா, நடந்தது உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று நான்கு இடங்களில் நின்று பாருங்கள். இதைப் பார்க்கத்தான் நடந்ததெல்லாம் பதிவாகும் லாக் இருக்கிறது. ஜோஹோ புக்ஸில் ஒர்க்ஃப்ளோ லாக்ஸ் என்று இருக்கும். இஆர்பிநெக்ஸ்டில் எரர் லாக், ஷெட்யூல்டு ஜாப் லாக், ஈமெயில் க்யூ என்று தனித்தனியாக இருக்கும். ஓடூவில் டெவலப்பர் மோடைப் போட்டால் செட்டிங்ஸில் டெக்னிக்கல் மெனு திறக்கும். ஆட்டோமேஷன் ரூல்களும் நேரம் வைத்து ஓடும் வேலைகளும் அங்கே இருக்கும். நீங்கள் வைத்திருப்பது வேறு சாஃப்ட்வேராக இருந்தாலும் இதுபோல ஒரு இடம் இருக்கும். முதலில் அதைத் தேடிப் பிடியுங்கள்.

"ரூல் போட்டேன், ஒன்றுமே நடக்கவில்லை"

லாகில் ஒரு வரிகூட இல்லை என்றால் பிரச்சினை மடையிலேயே இருக்கிறது, அதாவது ரூலை எழுப்பும் ட்ரிகரில். நான் பார்த்ததில் பெரும்பாலும் ரூலை "புதிதாக உருவாக்கும்போது" என்று வைத்திருப்பார்கள். ஆனால் கடையில் பில்லை முதலில் டிராஃப்ட்டாகப் போட்டு, சரக்கு கட்டி முடித்த பிறகுதான் கன்ஃபார்ம் செய்வார்கள். டிராஃப்ட் உருவாகும் நேரத்தில் "நிலை: கன்ஃபார்ம்" என்ற நிபந்தனை பொருந்தாது. கன்ஃபார்ம் செய்யும் நேரத்தில் அது புதிய பில் கிடையாது, திருத்தப்பட்ட பில். எனவே இரண்டு முறையும் ரூல் சும்மா இருந்துவிடும். ட்ரிகரை "நிலை மாறும்போது" என்று மாற்றினால் சரியாகிவிடும்.

இன்னொரு காரணம், பில் வந்த வழி. திரையில் கையால் போடும் பில்லுக்கு ரூல் ஓடும். எக்செல் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றினாலோ வேறு ஆப்பிலிருந்து இணைப்பு வழியாக வந்தாலோ பல சாஃப்ட்வேர்களில் ரூல் ஓடாது, அல்லது அதற்கென்று தனியாக ஒரு டிக் இருக்கும். சொந்த செர்வரில் ஓட்டுபவர்கள் பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்த பிறகு, நேரம் வைத்து ஓடும் வேலைகளெல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இஆர்பிநெக்ஸ்ட் என்றால் பெஞ்ச் டாக்டர் என்ற கட்டளையே ஷெட்யூலரின் நிலையைச் சொல்லிவிடும்.

"சிலருக்குப் போகிறது, சிலருக்குப் போகவில்லை"

இது நிபந்தனைக் கோளாறு. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம், ஏனென்றால் திரையில் எல்லாமே சரியாகத்தான் தெரியும்.

மாசி வீதிப் பக்கம் ஒரு பாத்திர மொத்தக் கடையில், ஏரியா வாரியாக டெலிவரிப் பையன்களுக்கு மெசேஜ் போகும்படி வைத்திருந்தோம். ஏரியா கோரிப்பாளையம் என்றால் ஒருவருக்கு, செல்லூர் என்றால் இன்னொருவருக்கு. செல்லூருக்கு ஒழுங்காகப் போனது. கோரிப்பாளையத்தில் பாதி வாடிக்கையாளர்களுக்கு மட்டும் போகவில்லை. முதலாளி திரையில் விரலை வைத்துக் காட்டினார். "தம்பி, இதுவும் கோரிப்பாளையம், அதுவும் கோரிப்பாளையம். என்ன வித்தியாசம் இருக்கு?" எனக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கடைசியில் இரண்டையும் எக்செல்லில் ஒட்டி, எழுத்தின் நீளத்தைச் சொல்லும் லென் ஃபார்முலாவைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று 13 என்றது, இன்னொன்று 14.

விஷயம் இதுதான். ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு குறியீட்டு எண் தரும் முறைதான் யூனிகோடு. அதில் "கோ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வுக்குப் பின்னால் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது ஏகார இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாக இரண்டு குறியீடுகளாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் வேறு வேறு. அந்தக் கடையின் பழைய விலாசப் பட்டியல், பழைய ஃபான்டில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றியது. மாற்றிய கருவி கொம்பையும் காலையும் பிரித்தே வைத்திருக்கிறது. புதிதாகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் செல்போன் கீபோர்டில் அடித்தது, அது சேர்ந்தே வந்திருக்கிறது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வரும் எந்தப் பெயருக்கும் இது நடக்கும். சொக்கிகுளமும் பொன்மேனியும் இதில் மாட்டும். செல்லூரில் ஒற்றைக் கொம்பு மட்டும்தான் இருக்கிறது, கால் இல்லை, அதனால் தப்பித்தது.

உடனடித் தீர்வு, பட்டியலை யூனிகோடு நார்மலைஸ் செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. நிலையான தீர்வு வேறு. ரூலில் ஊர்ப்பெயரை எழுத்தாக அடித்து ஒப்பிடவே கூடாது. ஏரியாவை டிராப்டவுனாக வைத்து அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அல்லது பின்கோடை வைத்துப் பிரியுங்கள். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருப்பதும் இதே குடும்பத்துப் பிழைதான். அதற்கும் லென் ஃபார்முலா போதும்.

தொகையை வைத்து நிபந்தனை எழுதியிருந்தால் வரிக்கு முந்தைய தொகையா, வரி சேர்த்த தொகையா என்று பாருங்கள். இது விளையாட்டில்லை. வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஈ-வே பில் (வண்டி கிளம்பும் முன் ஆன்லைனில் எடுக்கும் சரக்குச் சீட்டு) வேண்டும், அந்த மதிப்பில் வரியும் சேரும். தேனி வழியாகக் கேரளாவுக்குப் போகும் பாத்திர லோடு ஒன்று 48,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீத வரியோடு 50,400 ஆகிவிட்டது. ரூல் வரிக்கு முந்தைய 48,000-ஐப் பார்த்துவிட்டு "தேவையில்லை" என்று நின்றுவிடும். ஈ-வே பில் போடச் சொல்லி நினைவூட்டல் வராது, வண்டி கிளம்பிவிடும், செக்கிங்கில் மாட்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு வரம்பு 1,00,000 ரூபாய். எனவே ஒரே எண்ணை வைத்து எல்லாவற்றுக்கும் ஒரு ரூல் எழுதாதீர்கள். சரக்கு போய்ச் சேரும் மாநிலத்தைப் பார்த்து இரண்டாகப் பிரியுங்கள்.

"2025 செப்டம்பர் வரை ஓடியது" என்று யாராவது சொன்னால் வரி விகிதத்தைத்தான் முதலில் பார்ப்பேன். 22 செப்டம்பர் 2025 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. 12 சதவீதத்தில் இருந்த சமையல் பாத்திரங்கள் 5 சதவீதத்துக்கு வந்தன. "வரி 12 என்றால் இந்தப் பிரிவில் சேர்" என்று எழுதி வைத்திருந்த ரூல் அன்றிலிருந்து எதற்கும் பொருந்தாது. பிழை என்றும் காட்டாது, சும்மா இருக்கும். விகிதத்தை வைத்து ரூல் எழுதாமல் பொருள் வகையையோ, ஜி.எஸ்.டி.யில் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ்.என். கோடையோ வைத்து எழுதுவதே நல்லது.

"நடக்கிறது, ஆனால் நேரங்கெட்ட நேரத்தில்"

காலை 9 மணிக்குப் போக வேண்டிய மெசேஜ் மதியம் 2.30-க்குப் போகிறது, இரவு 8 மணி ரிப்போர்ட் நடுராத்திரி 1.30-க்கு வருகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். செர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். கம்பெனி செட்டிங்கிலும் யூசர் செட்டிங்கிலும் டைம்ஸோன் ஆசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள். சொந்த செர்வர் என்றால் அங்கேயும் பாருங்கள். மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் தொந்தரவுதான்.

இந்த ஐந்தரை மணி நேரம் பகல் வியாபாரிகளுக்கு வெறும் எரிச்சல். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் மாதிரி விடிவதற்கு முன்பே தராசு ஆடும் இடத்தில் அது கணக்கையே புரட்டிவிடும். 15-ஆம் தேதி அதிகாலை 4 மணிக்குப் போட்ட மல்லிகைப் பில், கிரீன்விச் கணக்கில் 14-ஆம் தேதி இரவு 10.30. தேதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் ரூல் அதை முந்தின நாள் பில்லாகப் பார்க்கும். அன்றாட விற்பனைத் தொகை பொருந்தாது. கடன் கெடு ஒரு நாள் முன்னால் முடிந்துவிடும். கெடுவுக்கு முன்பே "பாக்கியைக் கட்டவும்" என்று மெசேஜ் போனால் பூக்கடைக்காரருக்குக் கோபம் வரத்தானே செய்யும்? காலை 5.30-க்கு முன்னால் போட்ட பில்கள் மட்டும் ஒரு நாள் தள்ளி நிற்கின்றனவா என்று பாருங்கள். ஆம் என்றால் காரணம் இது ஒன்றுதான்.

"இத்தனை நாள் கழித்து" என்று வைக்கும் ரூல்கள் சரியாக அந்த நொடியில் ஓடாது. சாஃப்ட்வேர் இடைவெளி விட்டுத்தான் எழுந்து பார்க்கும். ஒன்றிரண்டு மணி நேரத் தாமதத்துக்காக எதையும் மாற்ற வேண்டாம்.

"போனது என்று லாக் சொல்கிறது, வாடிக்கையாளர் வரவில்லை என்கிறார்"

மடை திறந்து வாய்க்காலில் தண்ணீர் போய்விட்டது, வயலில் ஏறவில்லை. சாஃப்ட்வேரை விட்டுவிட்டு மெசேஜ் போகும் பாதையைப் பாருங்கள்.

எஸ்.எம்.எஸ். என்றால் டி.எல்.டி.யில் (வியாபார மெசேஜ்களின் வாசகத்தை முன்கூட்டிப் பதிவு செய்யும் தளம்) பதிவு செய்த டெம்ப்ளேட்டையும் உங்கள் ரூலில் இருக்கும் வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர், தொகை மாதிரி மாறும் இடங்களைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். யாரோ நல்லெண்ணத்தில் "நன்றி"க்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள், அதோடு மெசேஜ் வழியிலேயே நின்றுவிடும். தமிழில் அனுப்பினால் நீளத்தையும் கவனியுங்கள். ஆங்கில எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கு 160 எழுத்து, தமிழ் என்றால் 70 தான். அதைத் தாண்டினால் 67, 67 ஆகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் காசு எடுப்பார்கள். இந்த 70-ஐ நாம் எண்ணும் மாதிரி எண்ணுவதில்லை. "மீனாட்சி" நமக்கு நான்கு எழுத்து. அங்கே குறிகளும் புள்ளியும் தனித்தனியாகச் சேர்ந்து எட்டு. கிரெடிட் சீக்கிரம் தீர்ந்துபோய் மாதக் கடைசியில் மெசேஜ் நிற்கிறது என்றால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் காரணம். வாசகத்தைச் சுருக்கி மறுபடி பதிவு செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் வேறு விதி. வாடிக்கையாளர் கடைசியாக உங்களுக்கு எழுதி 24 மணி நேரத்துக்குள் என்றால் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். தாண்டிவிட்டால் முன்கூட்டி ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் மட்டும்தான் போகும். "நேற்று டெஸ்ட் செய்தபோது போனதே" என்பார்கள். நேற்று அவரே ஹலோ அனுப்பியிருந்தார், அதனால் போனது. சோதிக்கும்போது உங்களுக்கு எதுவும் எழுதியிராத ஒரு நம்பருக்கு அனுப்பிப் பாருங்கள்.

ஈமெயிலுக்கு, மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகள் உங்கள் டொமைனில் இருக்கின்றனவா என்று டொமைன் வாங்கிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது.

"ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பப் போகிறது"

ரூலை உடனே ஆஃப் செய்யுங்கள். காரணத்தை அப்புறம் பார்க்கலாம்.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் நான் அமைத்த ரூலே இப்படிச் சுற்றியது. வாடிக்கையாளர் ரெக்கார்டில் எதாவது திருத்தினால் அவருக்குப் பாக்கி விவரம் போக வேண்டும். போனதும் "கடைசியாக மெசேஜ் போன தேதி" என்ற கட்டத்தில் அன்றைய தேதியைப் பதிய வேண்டும். தேதியைப் பதிவதும் ஒரு திருத்தம்தானே? அது ரூலை மறுபடி எழுப்பியது, மெசேஜ் போனது, தேதி பதிந்தது, மறுபடி எழுந்தது. ராஜபாளையத்திலிருந்து வாங்கும் ஒரு அம்மாவுக்கு அடுக்கடுக்காகப் பாக்கி மெசேஜ். கடைக்காரரோடு சேர்ந்து நானும் போனில் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து எந்த ரூல் எழுதினாலும், "எது திருத்தப்பட்டாலும்" என்று வைப்பதே இல்லை. எந்தக் கட்டம் மாறினால் என்று பெயர் சொல்லி வைக்கிறேன்.

ஒரே ரூல் தன்னையே எழுப்புவது சுலபமாகக் கண்ணில் படும். இரண்டு ரூல்கள் ஒன்றையொன்று எழுப்புவது படாது. லாகில் அ, ஆ, அ, ஆ என்று மாறி மாறிப் பெயர் வருகிறதா பாருங்கள். வந்தால் ஏதாவது ஒன்றில் "ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டால் நிறுத்து" என்று ஒரு நிபந்தனை போதும்.

"அப்ரூவலில் நிற்கிறது"

பர்ச்சேஸ் ஆர்டர் மேனேஜரின் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது, அவர் ஊரில் இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாள் உள்ளூர் விடுமுறை. அதை ஒட்டி இரண்டு நாள் யாரும் போனைப் பார்க்க மாட்டார்கள். வெளியூர் சப்ளையருக்கு அது தெரியாது. சாஃப்ட்வேருக்கும் நீங்கள் சொன்னால்தான் தெரியும். வருடத் தொடக்கத்திலேயே விடுமுறைப் பட்டியலில் சித்திரைத் திருவிழாவைச் சேர்த்துவிடுங்கள். ஒப்புதல் தருபவருக்கு ஒரு மாற்று ஆளையும், இத்தனை மணி நேரத்தில் பதில் இல்லை என்றால் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள்.

"நேற்று வரை எல்லாம் ஓடியது, இன்று எதுவுமே ஓடவில்லை"

ஒன்றிரண்டு ரூல் நின்றால் ரூலில் பிழை. எல்லாமே ஒரே நாளில் நின்றால் யார் பெயரில் அவை ஓடின என்று பாருங்கள். கப்பலூரில் ஒரு சிறு கம்பெனியில் கணக்குப் பார்த்தவர் வேலையை விட்டு நின்றார். முறைப்படி அவருடைய லாகினை முடக்கினார்கள். மறுநாள் காலை பில் மெயில், வாட்ஸ்அப், வசூல் நினைவூட்டல் எல்லாம் நின்றன. அத்தனை இணைப்பையும் அவர் தன் லாகினில் இருந்துதான் கொடுத்திருந்தார். லாகினை மறுபடி திறப்பது தீர்வு கிடையாது. ஆட்டோமேஷனுக்கென்று தனியாக ஒரு யூசரை உருவாக்கி, தேவையான அனுமதி மட்டும் கொடுத்து, இணைப்புகளை அதன் பெயருக்கு மாற்றுங்கள். பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் நின்றாலும் இதே இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

நின்ற நாள் ஏப்ரல் 1 என்றால் பில் நம்பரைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. விதிப்படி பில் நம்பர் 16 எழுத்தைத் தாண்டக் கூடாது. புது வருடத்துக்குப் புது வரிசை வைக்கும்போது ஆசையாக நீளமாக வைத்துவிடுகிறோம். கடைப் பெயரில் மூன்று எழுத்து, ஒரு சாய்கோடு, 2025-26, இன்னொரு சாய்கோடு, ஆறு இலக்க எண். கூட்டினால் 18. அரசுத் தளத்தில் பதிவாக வேண்டிய ஈ-இன்வாய்ஸ் திரும்பி வந்துவிடும், அதை நம்பியிருக்கும் அத்தனை ரூலும் காத்து நிற்கும். வருடத்தை 25-26 என்று சுருக்கினால் சரியாக 16.

"எக்செல்லில் ஏற்றிய பில்களுக்கு மட்டும் கெடு தப்பாக வருகிறது"

எக்செல் திறந்த கம்ப்யூட்டரில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்திருக்கும். 05/06 என்பதை ஜூன் 5-க்குப் பதிலாக மே 6 என்று எடுத்துக்கொண்டிருக்கும். 12-ஆம் தேதிக்கு மேல் உள்ளவற்றை மாதமாக எடுக்க முடியாது என்பதால் வெறும் எழுத்தாக விட்டுவிடும். அவற்றுக்கு நினைவூட்டலே போகாது. பாதி தப்பான தேதி, பாதி அமைதி என்று இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். தேதியை 2025-06-05 என்று வருடத்தை முன்னால் வைத்து ஏற்றுங்கள்.

ஸ்டாக் குறைந்தும் ஆர்டர் வரவில்லை, அல்லது தேவைக்கு மேல் வருகிறது என்றால் அளவையைப் பாருங்கள். பித்தளைக் குடத்தைக் கிலோவில் வாங்கி உருப்படியாக விற்கும் கடையில், குறைந்தபட்ச இருப்பு 50 என்பது கிலோவா, உருப்படியா?

பிழையைக் கண்டுபிடித்துச் சரி செய்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ரூலை ஆன் செய்யும் முன் இரண்டு வேலை இருக்கிறது. உங்கள் சொந்த நம்பரை ஒரு வாடிக்கையாளராகச் சேர்த்து, ஒரு ரூபாய்க்குப் பில் போட்டு, நான்கு இடத்திலும் கடந்து உங்கள் கைக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்ததும் அந்தப் பில்லை மறக்காமல் ரத்து செய்யுங்கள். அப்புறம் அனுப்பக் காத்திருக்கும் வரிசையைத் திறங்கள். ரூல் நின்றிருந்த நாட்களில் போக வேண்டியவையெல்லாம் அங்கே தேங்கியிருக்கும். அப்படியே திறந்துவிட்டால், போன வாரமே பணம் கட்டியவருக்கும் இன்று பாக்கி மெசேஜ் போய்விடும். கட்டியவர்களின் வரிகளை முதலில் நீக்கிவிட்டு, மீதியை மட்டும் விடுங்கள்.